குப்பிக்குள் இருப்பது எந்த ஏற்பி?

2020 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதிக்குள் நான்கு ஆய்வுக்குழுக்கள் ஒரே கேள்விக்கு விடை வெளியிட்டன. புதிய கொரோனா வைரஸின் கூர்ப்புரதம் மனித செல்லின் ஏஸ்-2 ஏற்பியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்பதுதான் கேள்வி. ஆஸ்டினில் ஜேசன் மெக்லெல்லன் குழு சுமார் 15 நானோமோலார் என்றது. சியாட்டிலில் டேவிட் வீஸ்லர் குழுவுக்குக் கிடைத்தது 1.2. பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் 4.7, மின்னசோட்டாவில் ஃபாங் லி குழுவுக்கு 44. இந்த அளவையில் எண் சிறிதாக ஆக, பிடி இறுகுகிறது என்று பொருள். ஆக, சிறிய எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் இடையே முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

பழைய சார்ஸ் வைரஸோடு ஒப்பிட்டதிலும் இதே கதைதான். புதியது 10 முதல் 20 மடங்கு வலுவாகப் பற்றுகிறது என்றது ஆஸ்டின். சியாட்டிலின் கணக்கில் நான்கு மடங்குதான். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்று அவர்கள் எழுதினார்கள். செய்திகளில் பரவியது முதல் எண். வைரஸ் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதற்கு அது கையடக்கமான காரணமாகத் தோன்றியது.

இந்த நான்கில் எது சரி என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நான்கையும் சரியான அளவீடுகளாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். அவை அளந்த பொருள்கள்தான் ஒன்றல்ல. ஆய்வகத்துக்கென்று தயாரிக்கப்படும் மனித ஏற்பிப் புரதம் உடலில் உள்ள ஏற்பியின் பிரதி அல்ல. எங்கே வெட்டியது, எந்தச் செல்லில் வளர்த்தது, எதனோடு ஒட்டியது, எந்தப் பக்கம் பொருத்தி அளந்தது என்ற முடிவுகள் சேர்ந்து உருவாக்கிய தனிப்பொருள் அது. அந்த முடிவுகளைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எடுத்துச் சொல்வது அரைகுறைச் செய்தி.

ஏற்பி என்ற ஒன்று இருக்க வேண்டும் என்று மனிதர்கள் ஊகித்த பிறகு, அதைக் கையில் பிடிக்க ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி 1905-ல் நிகோட்டினும் கியூராரியும் தசைமேல் செய்யும் வேலையைப் பார்த்து, செல்லில் ஏதோ ஒரு 'ஏற்கும் பொருள்' இருக்கிறது என்றார். ஜெர்மனியில் பால் எர்லிக் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஆனால் அது புரதமா, எப்படி இருக்கும் என்று யாராலும் காட்ட முடியவில்லை. கடைசியில் உதவிக்கு வந்தது ஒரு பாம்பு. தைவானில் சாங்கும் லீயும் அங்குள்ள பட்டைக் கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து 1963-ல் ஒரு நச்சுப் புரதத்தைப் பிரித்தார்கள். நம்மூர்க் கட்டுவிரியனும் அதே பேரினம்தான். அந்த நஞ்சு நரம்பு-தசைச் சந்திப்பின் ஏற்பியை விடாப்பிடியாகப் பற்றும். அதையே தூண்டிலாக்கி, மின்சாரத் திருக்கை மீனின் உறுப்பிலிருந்து அசிட்டைல்கோலின் ஏற்பியை 1970-களில் பிரித்தெடுத்தார்கள். திருக்கையைத் தேர்ந்ததற்குக் காரணம் அளவு: அதன் மின்னுறுப்பில் அந்த ஏற்பி அடைந்து கிடக்கிறது. மனித உடலில் பெரும்பாலான ஏற்பிகள் அப்படிக் கிடைப்பதில்லை.

மறுசேர்க்கை நுட்பம் இந்தத் தட்டுப்பாட்டைத்தான் தீர்த்தது. ஏற்பியின் மரபணுவை எடுத்து வேறொரு செல்லுக்குள் வைத்து, அந்தச் செல்லையே தொழிற்சாலையாக்கினால் திருக்கையும் வேண்டாம், மனிதத் திசுவும் வேண்டாம். மனித இன்சுலினை 1978-ல் பாக்டீரியாவில் செய்து காட்டினார்கள். 1980-களின் நடுவில் இன்சுலின் ஏற்பி, மேல்தோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பி, சிடி4 என்று ஒவ்வொன்றின் மரபணுவும் வரிசையாகக் கையில் வந்தது. ஆனால் இன்சுலினில் வேலை செய்த பாக்டீரியா ஏற்பிகளில் பெரும்பாலும் கைவிட்டது. பிரச்சினைகள் அங்கே தொடங்குகின்றன.

முதல் பிரச்சினை, எங்கே வெட்டுவது. ஏற்பி செல் சவ்வில் பாதி உள்ளே, பாதி வெளியே என்று நட்டுவைத்த பொருள். சவ்வுக்குள் இருக்கும் பகுதி எண்ணெய்த்தன்மை கொண்டது, தண்ணீரில் கரையாது. அதனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தயாரிக்கிறார்கள். ஏஸ்-2 மொத்தம் 805 அமினோ அமிலங்கள் கொண்டது. முதல் 17 செல்லிலிருந்து வெளியேற உதவும் முகவரிச் சீட்டு. வேலை முடிந்ததும் கழன்றுவிடும். விற்பனைக்கு வரும் ஏஸ்-2 பெரும்பாலும் 18-வது குளூட்டமினில் தொடங்கி 740-வது செரினில் முடியும். சிலர் 615-லேயே வெட்டிவிடுகிறார்கள். அமைப்பைக் காணப் படிகமெடுக்க அது வசதி. கூர்ப்புரதம் பற்றும் இடம் முழுவதும் அந்தத் துண்டிலேயே இருக்கிறது. ஆனால் 615-க்கும் சவ்வுக்கும் இடைப்பட்ட கழுத்துப் பகுதிதான் இரண்டு ஏஸ்-2-வை ஜோடி சேர்க்கிறது. உடலில் ஏஸ்-2 ஜோடியாகவே நிற்கிறது என்பது 2020 மார்ச்சில் வெளியான முழுநீள அமைப்பில் தெரிந்தது. குட்டைத் துண்டு தனியாள், நீளத்துண்டு ஜோடி. இரண்டு குப்பிகளின் மேலும் 'மனித ஏஸ்-2' என்றே எழுதியிருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சவ்விலிருந்து கழன்ற ஏற்பி என்பது ஆய்வகத்தின் செயற்கைக் கற்பனை மட்டும் அல்ல. உடலே ஏஸ்-2-வை வெட்டி இரத்தத்தில் விடுகிறது. ஆடம்-17 என்ற நொதி அந்த வேலையைச் செய்கிறது. குப்பிப் புரதத்தைப் பொய்யென்று ஒதுக்குபவர்களுக்கு இது ஒரு பதில். ஆனால் உடல் வெட்டும் இடமும் நாம் வெட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அடுத்தது, எந்தச் செல்லில் வளர்ப்பது. ஏஸ்-2-வின் வெளிப்பகுதியில் ஏழு இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. 740 வரை உள்ள துண்டின் எடை கணக்குப்படி 85 கிலோடால்டன் அளவுதான் வர வேண்டும். ஜெல்லில் ஓட்டினால் 110, 120-க்கு அருகே மங்கலாகப் படர்ந்து நிற்கும். முதல்முறை பார்க்கும் மாணவர், தவறான புரதம் வந்துவிட்டது என்று பதறுவது வழக்கம். அந்த மிகுதி எடை சர்க்கரை. சங்கிலிகள் ஒரே நீளத்தில் இல்லாததால் பட்டை கூர்மையாக வருவதில்லை. பாக்டீரியாவுக்கு இந்தச் சர்க்கரை வேலை தெரியாது, ஈ.கோலையில் செய்த ஏற்பி மொட்டையாக வரும், பல நேரம் சரியாக மடியவும் மடியாது.

ஆகவே மனிதச் சிறுநீரகத்திலிருந்து வந்த ஹெக்-293 செல்லில் வளர்க்கிறார்கள். நெதர்லாந்தின் லைடனில் 1970-களின் தொடக்கத்தில் உருவான செல் அது. 293 என்பது ஃபிராங்க் கிரகாமின் குறிப்பேட்டில் அந்தச் சோதனையின் எண். அல்லது சீன வெள்ளெலியின் சூலகச் செல்லான சி.எச்.ஓ. மூன்றாவது வழி பூச்சி செல், எஸ்.எஃப்-9. இது நமக்கு நன்றாகத் தெரிந்த பூச்சியிலிருந்து வந்தது. 2018 முதல் இந்திய வயல்களில் மக்காச்சோளத்தைத் துவம்சம் செய்யும் படைப்புழுவின் கூட்டுப்புழுச் சூலகத்திலிருந்து எடுத்த செல் அது. பெரம்பலூர் விவசாயி மருந்தடித்துச் சபிக்கும் புழு, உலகெங்கும் ஏற்பி ஆய்வகங்களில் சீராட்டி வளர்க்கப்படுகிறது. பூச்சி செல் சர்க்கரை போடும், ஆனால் குட்டையாக, நுனியில் சியாலிக் அமிலம் இல்லாமல் போடும். படிகத்துக்கு அது நல்லது. சீரான சிறிய சர்க்கரை இருந்தால் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கி நிற்கும். பிடியின் வலிமையை அளப்பவருக்கு அதுவே சிக்கலாகலாம். ஏஸ்-2-வில் 90-வது அஸ்பராஜினில் உள்ள சங்கிலி கூர்ப்புரதத்தின் பிடிக்குக் கொஞ்சம் இடைஞ்சல். அது இல்லாத ஏஸ்-2 வைரஸை இன்னும் இறுக்கமாகப் பற்றுகிறது. அந்த இடத்தில் சர்க்கரை இருக்கிறதா, எவ்வளவு நீளம் என்பது எண்ணை மாற்றும்.

மூன்றாவது, வால். தூய்மைப்படுத்த வசதியாக ஆறு, எட்டு அல்லது பத்து ஹிஸ்டிடின்களை நுனியில் கோர்க்கிறார்கள். நிக்கல் பூசிய மணிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். இது சின்ன வால். பெரிய வால், ஆன்டிபாடியின் அடிப்பகுதியான எஃப்.சி. அது எப்போதும் இரண்டிரண்டாகச் சேரும் இயல்புடையது. எஃப்.சி. ஒட்டிய ஏற்பி நிச்சயம் இரட்டைக்கை கொண்டதாகிவிடுகிறது. ஒரு கை நழுவினாலும் மறுகை பிடித்திருக்கும் என்பதால் மூலக்கூறு பரப்பைவிட்டு விலகவே விலகாது. அப்படி அளந்தால் நானோமோலார் எண் மளமளவென்று சுருங்கும். பிடி அற்புதமாக இறுகிவிட்டது என்று கட்டுரை எழுதத் தோன்றும். உண்மையில் கூடியது கைகளின் எண்ணிக்கை.

நான்காவது, எதைப் பொருத்தி எதை ஓடவிடுவது. பிடி அளக்கும் கருவிகளில் ஒரு புரதத்தைச் சில்லின் மேல் ஒட்டிவைத்து, மற்றதைக் கரைசலாக மேலே ஓடவிடுவார்கள். ஒட்டுவதற்கு மலிவான, எளிய வழி, புரதத்தின் லைசின்களைச் சில்லோடு வேதிப்பிணைப்பால் கட்டுவது. எந்த லைசின் சிக்கும் என்று சொல்ல முடியாது. ஏஸ்-2-வை இப்படி ஒட்டும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: கூர்ப்புரதம் முக்கியமாகப் பற்றுவதே 31-வது, 353-வது லைசின்களைத்தான். அவற்றில் ஒன்று சில்லில் சிக்கினால் அந்த மூலக்கூறு செத்த மூலக்கூறு. எலியின் ஏஸ்-2-வில் 353-ல் லைசினுக்குப் பதில் ஹிஸ்டிடின் இருக்கிறது. தொடக்ககால வைரஸ் எலியைத் தொற்றாமல் போனதற்கு அந்த மாற்றம் ஒரு பெரிய காரணம். ஓர் அமினோ அமிலத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்கும் இடத்தில், சில்லோடு எது கட்டப்பட்டது என்பது சில்லறை விவகாரம் ஆகாது. இதைத் தவிர்க்க, பயோட்டின் ஏற்கும் ஒரு சிறு வாலை நுனியில் வைத்து எல்லா மூலக்கூறுகளையும் ஒரே திசையில் நிறுத்தும் முறை உண்டு. செலவு அதிகம், எனக்குத் தெரிந்து அந்தச் செலவுக்கு வருந்தியவர்கள் குறைவு.

இப்போது 2020-ன் எண்களுக்குத் திரும்பினால் புதிர் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. ஆஸ்டின் குழு முழுக் கூர்ப்புரதத்தைச் சில்லில் நிறுத்தி ஏஸ்-2-வை ஓடவிட்டது. மற்றவர்கள் கூர்ப்புரதத்தில் ஏற்பியைப் பற்றும் சிறு பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். முழுக் கூர்ப்புரதத்தில் அந்தப் பகுதி சில நேரம் நிமிர்ந்தும் சில நேரம் மடங்கியும் இருக்கும். வெட்டி எடுத்த துண்டு எப்போதும் திறந்தே கிடக்கும். அப்படியானால் துண்டின் பிடி இறுக வேண்டும். ஆனால் ஆஸ்டின் குழுவே அந்தப் பகுதியைத் தனியாக அளந்தபோது கிடைத்தது சுமார் 35, அதாவது முழுப்புரதத்தைவிடத் தளர்ந்த பிடி. ஒரே ஆய்வகத்தில், ஒரே கைகள் அளந்தும் இரண்டு எண்கள். புதிய வைரஸின் பிடி பழையதைவிட ஓரளவு வலுவானது என்பதில் நான்கு குழுக்களும் ஒத்துப்போகின்றன. 'எத்தனை மடங்கு' என்பதைத் தலைப்புச் செய்தி ஆக்கியதுதான் அவசரம்.

குப்பி வந்து சேர்ந்த பிறகு நடப்பதும் இந்தக் கேள்வியின் பகுதிதான். உறைநிலையில் உலர்த்திய புரதம் பார்வைக்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். நூறு மைக்ரோகிராம் என்பது குப்பியின் சுவரில் ஒட்டிய ஒரு மெல்லிய படலம், சில நேரம் மூடியின் அடியில் ஒட்டிய துகள். சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விட்டு அடியில் இறக்காமல் மூடியைத் திறந்தால் பாதிப் புரதம் மூடியோடு போய்விடும். அதன்பிறகு போட்ட கரைசலின் செறிவு லேபிளில் உள்ள செறிவு அல்ல. அந்தத் தவறு அந்தக் குப்பியிலிருந்து வரும் ஒவ்வோர் எண்ணிலும் ஏறிவிடும். உறைவித்து உருக்கி, மறுபடி உறைவித்தால் புரதங்கள் கட்டியாகத் திரளும். திரண்ட கட்டி பல கைகள் கொண்டது, எஃப்.சி. வாலைப்பற்றிச் சொன்ன அதே மாயம் இங்கும் வேலை செய்யும். நீர்த்த கரைசல் பிளாஸ்டிக்கில் ஒட்டி வீணாகாமலிருக்கச் சில தயாரிப்புகளில் மாட்டு அல்புமினைக் கலந்திருப்பார்கள். அது தெரியாமல் மொத்தப் புரதத்தை அளப்பவர் அளப்பது அல்புமினைத்தான்.

கூடவே வரும் சான்றிதழில் 'செயல்திறன் உறுதிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். எந்தச் செயல் என்று கேட்க வேண்டும். ஏஸ்-2 உண்மையில் ஒரு நொதி. துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு ஆஞ்சியோடென்சின்-2-வை வெட்டுவது அதன் பிறவித் தொழில். வைரஸ் அதைப் பிடித்துத் தொங்குவது வைரஸின் சௌகரியம். துத்தநாகத்தைப் பிடிக்கும் இரண்டு ஹிஸ்டிடின்களை மாற்றி நொதியை முடக்கினாலும் கூர்ப்புரதம் முன்போலவே பற்றுகிறது. கரைசலில் துத்தநாகத்தைப் பறிக்கும் ஈ.டி.டி.ஏ. இருந்தால் நொதி வேலை படுத்துவிடும். ஆக, வெட்டும் சோதனையில் தேறிய குப்பி பற்றும் சோதனைக்குச் சான்று ஆகாது, மறுதலையும் உண்மை.

கண்ணுக்குத் தெரியாமல் கூட வரும் இன்னொன்று எண்டோடாக்சின், பாக்டீரியாவின் புறச்சுவர்ப் பொருள். இது எத்தனை பேரைத் தவறான பாதையில் நடத்தியது என்பதற்கு வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் கதை போதும். ஈ.கோலையில் செய்த மனித எச்.எஸ்.பி.60, எச்.எஸ்.பி.70 ஆகியவை நோயெதிர்ப்புச் செல்களின் டி.எல்.ஆர்.4 ஏற்பியைத் தூண்டுகின்றன என்று 1990-களின் இறுதியிலிருந்து கட்டுரைகள் குவிந்தன. 2003-ல் காவோவும் ட்சானும் அதே புரதங்களை எண்டோடாக்சின் இல்லாமல் தூய்மையாக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள், மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் அசையவில்லை. டி.எல்.ஆர்.4 எண்டோடாக்சினுக்கே உரிய ஏற்பி. அது தன் வேலையைத்தான் செய்திருந்தது. அழுக்கின் செயலைப் புரதத்தின் பெயரில் எழுதியிருந்தார்கள். எண்டோடாக்சின் சோதனைக்குப் பல காலமாகக் குதிரைலாட நண்டின் நீல இரத்தம்தான் வழி. அந்த நண்டின் 'காரணி சி' என்ற புரதத்தையே மறுசேர்க்கை முறையில் செய்து மாற்று வழி தந்தவர்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜீக் லிங்கும் ஹோ போவும்.

இவ்வளவு குறைகளோடும் வெட்டிய ஏற்பி மருந்தாக வெற்றிபெற்றிருக்கிறது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். மூட்டுவாதத்துக்கான எட்டானெர்செப்ட் 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்துக்கான ஏற்பியின் வெளிப்பகுதியில் எஃப்.சி. வால் ஒட்டிய புரதம் அது. கண் மருத்துவமனைகளில் கண்ணுக்குள் ஊசியாகப் போடும் அஃப்லிபெர்செப்ட்டும் இரண்டு ஏற்பிகளின் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியதுதான்.

தோற்ற கதையில்தான் பாடம் அதிகம். எச்.ஐ.வி. நுழைய சிடி4 ஏற்பி வேண்டும் என்று 1984-ல் தெரிந்தது. அப்படியானால் சிடி4-ஐ வெட்டிக் கரைசலாகக் கொடுத்து வைரஸை ஏமாற்றலாமே என்று பல குழுக்கள் ஒரே நேரத்தில் இறங்கின. ஆய்வகத்தில் அது அருமையாக வேலை செய்தது. 1980-களின் இறுதியில் பெரும் நம்பிக்கை பிறந்தது. நோயாளிகளுக்குக் கொடுத்தபோது வைரஸின் அளவு குறையவில்லை. காரணத்தை 1990-ல் டேவிட் ஹோ குழு காட்டியது: நோயாளியின் உடலிலிருந்து நேராக எடுத்த வைரஸை அடக்க, ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் வளர்த்த வைரஸுக்குத் தேவைப்பட்டதைவிடப் பல நூறு மடங்கு சிடி4 தேவைப்பட்டது. ஏற்பியில் குறை இல்லை. வைரஸ்தான் குடுவை வாழ்க்கைக்குப் பழகி, தன் பற்றும் பகுதியைத் திறந்தே வைத்திருந்தது. குப்பிப் புரதத்தைக் குடுவை வைரஸோடு மோதவிட்டால், உடலைப்பற்றி நமக்குத் தெரிவது மிகக் குறைவு.

முப்பது ஆண்டு கழித்து ஏஸ்-2-விலும் ஏறத்தாழ அதே பாதை. ஜோசப் பெனிங்கர் குழு 2020-ல் கரையும் மனித ஏஸ்-2 வைரஸின் பெருக்கத்தை ஆயிரம் மடங்குக்கு மேல் குறைத்ததைச் செல்களில் காட்டியது. எலி ஏஸ்-2-வுக்கு அந்தச் சக்தி இல்லை என்ற ஒப்பீடும் கச்சிதம். வியன்னாவின் அப்பெய்ரான் நிறுவனம் நடத்திய இரண்டாம் கட்டப் பரிசோதனை, 2021-ல் முடிவு வந்தபோது, முதன்மை இலக்கை எட்டவில்லை. ஏற்பியை ஏமாற்றுப் பொருளாகக் கொடுத்தால் வைரஸால் தப்ப முடியாது, தப்பினால் நம் செல்லையும் பற்ற முடியாதே என்ற வாதம் கேட்க அழகாக இருக்கிறது. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் நோய் முற்றிய நிலையில் கேடு செய்வது பெரும்பாலும் வைரஸ் அல்ல, உடலின் சொந்த அழற்சி.

வெட்டவே முடியாத ஏற்பிகளும் உண்டு. எண்ணிக்கையில் அவை மிகப் பெரிய குடும்பம். சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் ஜி-புரத ஏற்பிகள் மனிதரில் 800 அளவுக்கு இருக்கின்றன. இன்றைய மருந்துகளில் மூன்றில் ஒரு பங்கு குறிவைப்பது இவற்றைத்தான். இவற்றுக்கு வெளிப்பகுதி என்று தனியே சொல்ல அதிகம் இல்லை. முழுசாகவே எடுக்க வேண்டும். எடுத்தால் சவ்வு இல்லாமல் குலைந்துவிடும். டிடர்ஜென்ட் போட்டுத் தாங்கிப் பிடித்தாலும் சில மணி நேரம்தான். பிரையன் கோபில்கா குழு 2007-ல் பீட்டா-2 அட்ரினலின் ஏற்பியின் அமைப்பைக் கண்டபோது, அதன் உள்வளையம் ஒன்றை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு வைரஸ் நொதியைச் செருகி நிலைநிறுத்தினார்கள். இங்கிலாந்தில் கிறிஸ் டேட்டும் ரிச்சர்ட் ஹெண்டர்சனும் வான்கோழியின் பீட்டா-1 ஏற்பியில் ஆறு அமினோ அமிலங்களை மாற்றி, வெப்பம் தாங்கும் அளவை 21 டிகிரி உயர்த்தினார்கள். கோபில்காவுக்கும் இதே ஏற்பிகளை ஆராய்ந்த லெஃப்கோவிட்ஸுக்கும் 2012-ல் நோபல் கிடைத்தது. கொஞ்சம் விலகி நின்று பார்த்தால், அந்த இரண்டு பீட்டா ஏற்பி வடிவங்களும் இயற்கையில் அப்படியே இருப்பவை அல்ல. இப்போது சிறு கொழுப்புத் தட்டுகளில் ஏற்பியை அமர்த்தும் முறை வந்திருக்கிறது. சவ்வு போன்ற ஒன்றாவது அதைச் சுற்றி இருக்கிறது.

கேள்வியும் பொருளும் பொருந்திவந்தால் இந்தப் புரதம் எவ்வளவு பயன்படும் என்பதற்குச் சிங்கப்பூரில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஒருவரின் இரத்தத்தில் வைரஸைத் தடுக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்க, உயிருள்ள வைரஸும் உயர்பாதுகாப்பு ஆய்வகமும் பல நாள் காத்திருப்பும் வேண்டியிருந்தது. டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளியின் வாங் லின்ஃபா குழு 2020-ல் எளிய வழி ஒன்றைச் செய்தது. தட்டின் குழிகளில் ஏஸ்-2-வைப் பூசி, நிறம் காட்டும் நொதி ஒட்டிய கூர்ப்புரதத் துண்டை இரத்தநீரோடு கலந்து ஊற்றுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் துண்டு ஏஸ்-2-வை அடையாது, நிறம் வராது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் விடை. பிடியின் துல்லியமான எண் இங்கே தேவையில்லை. தடுத்ததா, எத்தனை சதவீதம் என்பதே கேள்வி. ஜோடியா தனியாளா என்பதோ, சர்க்கரை நீளமோ முடிவைப் பெரிதாகக் கெடுக்காது. ஏனெனில் எல்லாக் குழிகளிலும் அதே ஏஸ்-2 இருக்கிறது, ஒப்பீடு குழிகளுக்கு இடையேதான். அந்த நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அதற்கு அவசரகால அனுமதி தந்தது. பிறகு ஒமிக்ரான் வந்தபோது நிறம் காட்டும் கூர்ப்புரதத் துண்டைப் புதிய வைரஸுக்கு ஏற்பச் செய்ய வேண்டியிருந்தது. தட்டில் பூசிய ஏஸ்-2-வில் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.